வெள்ளிக்கிழமை வராதவள்

ஜனவரி 19, திங்கள்

பனி. பஸ் தாமதம். நான் ஸ்வெட்டரைக் கழற்றுவதற்குள் ஆயா மாதம்மாள் வந்து நின்றாள். "முத்தாயிம்மா இன்னைக்கும் கஞ்சியத் தள்ளி வச்சிட்டாங்க சிஸ்டர்."

இடுப்பு ஆபரேஷன் முடிந்து எங்கள் முதியோர் இல்லத்துக்கு வந்தவர். எலும்பு ஒட்டிவிட்டது, நடக்கிறார், வியாதி என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சாப்பிடமாட்டேன் என்கிறார். ஆள் பாதியாகிவிட்டார். இப்படியே போனால் மூக்கில் குழாய்தான் என்கிறார் டாக்டர். மகன் தங்கராஜ் போனில், "எதுனாலும் நீங்களே பாத்துச் செய்யுங்க சிஸ்டர்" என்று முடித்துக்கொண்டார்.

இன்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். ஏன்?

நாகலூர் எஸ்டேட்டில் இருந்த காலமெல்லாம் வெள்ளிக்கிழமைதோறும் அவர்மேல் மாரியம்மன் வருவாளாம். தலைச்சோலை, கிளியூரிலிருந்தெல்லாம் வாக்குக் கேட்க ஆள் வருமாம். இங்கே வந்தபின் ஒரு தடவைகூட வரவில்லை.

"அவ வராத ஒடம்புக்குச் சோறு எதுக்கு கண்ணு?"

இதற்கு என்ன மாத்திரை கொடுப்பது?

ஜனவரி 20

அம்மனுக்கு என்னவெல்லாம் வேண்டும் என்று கேட்டேன். மஞ்சள் தண்ணீர்க் குளியல், வேப்பிலை, கற்பூரம். பினாயில் நாற்றம் ஆகவே ஆகாது. நாங்கள் காலை மாலை பினாயில் ஊற்றித்தான் துடைக்கிறோம். நான் அம்மனாக இருந்தாலும் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கமாட்டேன்.

டாக்டரிடம் அனுமதி கேட்டேன். கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "பிரிஸ்கில்லா, நீங்க சர்ச்சுக்குப் போறவங்கதானே?"

ஆமாம். அதனால் என்ன? கூப்பிட்டுக் கூப்பிட்டு சாமி வராவிட்டால் எப்படியிருக்கும் என்று சர்ச்சுக்குப் போகிறவளுக்குத் தெரியாதா? இதை அவரிடம் சொல்லவில்லை. "சாப்பிட வைக்கத்தான் சார்" என்றேன். ஆக்சிஜன் சிலிண்டருக்குப் பக்கத்தில் கற்பூரம் கூடாது, வெளியே வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

ஜனவரி 23, வெள்ளி

பின்பக்கம், சில்வர் ஓக் மரத்தடியில். மாதம்மாள் வெந்நீரில் மஞ்சள் கலந்து குளிப்பாட்டி, மஞ்சள் சேலை கட்டிவிட்டாள். நடக்க முடிந்தவர்கள் எல்லாம் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்த பாலசுப்பிரமணியம் ஐயா கழுத்துவரை பொத்தான் போட்டு முன்வரிசையில். அவருடைய மகள் அவரோடு பேசுவதில்லை. அதைப் பற்றித்தான் கேட்க வந்திருந்தார்.

காத்திருந்தோம். கற்பூரம் எரிந்து அணைந்தது. இன்னொன்று ஏற்றினோம். அதுவும் அணைந்தது.

முத்தாயிம்மா கண்ணைத் திறந்தார். "போதும். நாக்காலிய எடுங்க."

இத்தனை நாள் அது அவருக்கு மட்டும் தெரிந்த துக்கம். நான் கூட்டம் கூட்டி எல்லோருக்கும் காட்டிக் கொடுத்துவிட்டேன்.

ஜனவரி 27

தண்ணீர்கூட வாயை நனைக்கும் அளவுதான். என்னோடு பேச்சில்லை.

ஜனவரி 30, வெள்ளி

இப்போதே எழுதிவிடுகிறேன்.

காலையில் உள்ளே நுழையும்போதே குலவைச் சத்தம். ஓடினேன். முத்தாயிம்மா கட்டிலில் உட்கார்ந்தபடி ஆடிக்கொண்டிருந்தார். தலை சுழல்கிறது, பல் கிட்டுகிறது, வாயில் புரியாத பேச்சு. மாதம்மாள் வேப்பிலையும் கையுமாக அழுகிறாள். "ஆத்தா வந்துட்டா சிஸ்டர்!" ரைட்டர் ஐயா வாசலில் கும்பிட்டு நிற்கிறார்.

எனக்கு என்ன சந்தோஷம்! ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன். நானும் கை கூப்பி நின்றேன் — நர்ஸ் நான், முட்டாள் மாதிரி நின்றேன்.

அப்போதுதான் நகங்களைப் பார்த்தேன். நீலம்.

கிட்டே போனேன். மாதம்மாள் குறுக்கே வந்தாள். "தொடாதீங்க! அருள் ஏறி நிக்கறப்பத் தொட்டா ஆகாது!"

"தள்ளு."

தொட்டேன். உடம்பு கொதித்தது. பிரஷர் கீழே போய்க்கொண்டிருந்தது. தண்ணீர் குடிக்காமல் கிடந்து, சிறுநீரில் கிருமி பிடித்து, அது ரத்தத்தில் ஏறியிருக்கிறது. குளிர்ஜுரத்துக்குத்தான் நாங்கள் குலவை போட்டிருக்கிறோம்.

டிரிப் ஏற்றி ஆம்புலன்ஸில் போட்டோம். வண்டி புறப்படும்போது மாதம்மாள் என் காதுக்குப் பக்கத்தில் சொன்னாள்: "வந்தவளத் தொரத்திட்டீங்க."

கொண்டை ஊசி வளைவு முழுக்க அந்தக் கையைப் பிடித்துக்கொண்டே சேலத்துக்கு இறங்கினேன். காய்ச்சல் காய்ச்சல்தான். அதில் சந்தேகமே இல்லை. அப்புறம் எதற்கு நான் மாதா பேரையும் மாரி பேரையும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டு போனேன்?

பிப்ரவரி 1, ஞாயிறு

சர்ச்சில், பூசையில் மனம் நிற்கவில்லை. பிழைத்துக்கொள்வார் என்று தங்கராஜ் போன் செய்தார். அழுதார். நானும்.

பிப்ரவரி 9, திங்கள்

திரும்பி வந்துவிட்டார். காற்றடித்தால் விழுந்துவிடுகிற மாதிரி இருக்கிறார். தலையணையைச் சரிசெய்யும்போது என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அன்னிக்கு வந்தது யாரு கண்ணு?"

வாசலில் மாதம்மாள். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று கண்ணாலேயே கெஞ்சினாள். அம்மன்தான் என்று சொல்லியிருந்தால் சாப்பிட்டிருப்பார்தான்.

"காய்ச்சல்ங்கம்மா."

கையை விட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பொய் சொல்ல வாய் வரவில்லை. சரி. வந்த அன்றைக்கே உடைத்துச் சொல்ல வேண்டுமா? அறிவு இருக்கிறதாடி உனக்கு?

பிப்ரவரி 13, வெள்ளி

பக்கத்து அறையில் யாரோ ஊதுபத்தி ஏற்றினார்கள். முத்தாயிம்மா அணைக்கச் சொன்னார்.

பிப்ரவரி 16

வியாழக்கிழமை குழாய். டாக்டர் குழாய்ப் பாக்கெட்டையே கொண்டுவந்து மேஜைமேல் வைத்துவிட்டார்.

பிப்ரவரி 18, சாம்பல் புதன்

காலைப் பூசை முடித்து நேரே வேலைக்கு. நெற்றியில் சாம்பலோடு கஞ்சியை எடுத்துப்போனேன். வழக்கம்போல் தலையைத் திருப்பப் போனவர் என் நெற்றியைப் பார்த்து நின்றார்.

"இதென்ன, உங்க ஊட்லயும் திருநீறா?"

"வருசத்துக்கு ஒருநாள்ங்கம்மா. ஃபாதர் பூசுவாரு."

"என்ன சொல்லிப் பூசுவாரு?"

"நீ மண்ணா இருக்கற, மண்ணுக்கே போவேன்னு."

"அடக் கருமமே! காலங்காத்தால புள்ளைககிட்டச் சொல்ற பேச்சா இது?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை.

"அவருக்கு அருள் வருமா?"

"இல்லீங்க. வரிசையில நிக்கறவங்களுக்குப் பூசிக்கிட்டே போவாரு."

"சாமி வராமயேவா?"

"ஆமாங்க."

"சனங்க வாங்கிக்கறாங்களா?"

"நான் வாங்கிட்டுத்தானே வந்திருக்கேன்."

என் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தார். கஞ்சி ஆறிப்போனது. பிறகு மாதம்மாளைக் கூப்பிட்டு, பெட்டியிலிருந்த சுருக்குப்பையை எடுக்கச் சொன்னார். உள்ளே திருநீறு.

"ரைட்டரக் கூப்புடு."

பாலசுப்பிரமணியம் ஐயா பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்தார்.

"ஏனுங்க, அவ வரல. இனி வருவாளோ என்னமோ. நாந்தான் இருக்கறன். பரவால்லீங்களா?"

ஐயா ஸ்டூலை இழுத்துப் போட்டுக் குனிந்து உட்கார்ந்தார். "நீங்க பூசுனாப் போதுங்க."

"மக பேசுவாளான்னு சொல்ல எனக்குத் தெரியாதுங்க. நீங்க நல்லா இருக்கோணும். அவளும் நல்லா இருக்கோணும்." கை நடுங்கி, பாதி திருநீறு அவர் சட்டையில் விழுந்தது. மனிதர் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

அடுத்து மாதம்மாள் குனிந்தாள். அதற்குள் வாசலில் வாக்கர், கைத்தடி எல்லாம் வரிசையாக நின்றன. முத்தாயிம்மா வரிசையைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார்.

"இத்தன பேருக்குப் பூசோணும்னா கையி நிக்கோணுமில்ல? அந்தக் கஞ்சியச் சூடு பண்ணு. உப்புப் போடு, நேத்து உப்பே இல்ல."

கிண்ணம் காலி. இன்று எனக்கு ஒருசந்தி நோன்பு. அவர் சாப்பிட்டார், நான் பட்டினி.

கடைசி ஆளாக நானும் நின்றேன். "எடமே இல்லியே கண்ணு. உங்க ஃபாதரு கோவிச்சுக்குவாரா?" என்று கேட்டுக்கொண்டே, சாம்பலுக்குக் கீழே ஒரு விரல் வைத்தார்.

மாலையில் டாக்டர் வந்தார். மேஜைமேலிருந்த பாக்கெட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டார். என் நெற்றியைப் பார்த்தார்.