லாரி பானெட்டில் வைத்த கேமரா

11 பிப்ரவரி 1968, ஞாயிறு இரவு

இந்த நோட்டு யார் கையில் கிடைத்தாலும், தயவுசெய்து ஒருவரிடமும் காட்டாதீர்கள்.

நேற்று இரவு சிப்பிகாட் ஊரில் நடந்த வாலிபால் மேட்சுக்கு லாரியின் ஹெட்லைட்தான் வெளிச்சம். படம் எடுப்பதுதான் அப்பாவின் தொழில், ஆனால் மலேரியாவுக்குப் பிறகு அவருக்குக் கை நடுங்குகிறது. "பானெட் மேலே வச்சு எடுங்கப்பா, ஆடாது" என்று நான்தான் சொன்னேன். இன்று பிலிமைக் கழுவிப் பார்த்தால் பன்னிரண்டு படமும் கலங்கல். வாங்க வந்த டீம் கேப்டன், "அரே மாஸ்டர், மேட்சை எடுக்கச் சொன்னா பேயை எடுத்திருக்கீங்களே!" என்று எல்லார் முன்னாலும் சிரித்தான்.

"என் கை போச்சு. நாளைக்கே கேமராவை வித்துட்டு மர மில்லுக்குக் கூலிக்குப் போறேன்" என்றார் அப்பா.

ஆடியது அவர் கை இல்லை. வெளிச்சம் மங்கக்கூடாதென்று டிரைவர் என்ஜினை அணைக்கவே இல்லை. என் உள்ளங்கையும் பானெட்டில்தான் இருந்தது. அதிர்வு தெரிந்தும், அதில் கேமராவும் ஆடும் என்று எனக்கு உறைக்கவில்லை. சாயங்காலம் "அப்பா, அந்த லாரி..." என்று ஆரம்பித்தேன். "உன் பேச்சைக் கேட்டதுதான்டீ தப்பு" என்று அறைந்தார். விற்கட்டும், நமக்கென்ன என்று நினைத்தேன். ஆனால் சோற்றைத் தொடாமல் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வாயால் சொல்ல பயமாக இருக்கிறது. ஒரு தாளில் எழுதி அவர் சட்டைப்பையில் வைத்துவிட்டால்...

அப்பா கதவைத் தட்டுகிறார். விற்பதற்குக் கேமராவை இப்போதே எடுத்து வரச் சொல்கிறார்.