மாட்டுக்கு ஆகாத கயிறு

என் ஆசை அண்ணனுக்கு,

என் கோணல் எழுத்தைப் பார்த்துச் சிரிக்காமல் படி. நீ போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. ஆனாலும் உன்னிடம் சொல்லாமல் எனக்கு எதுவும் செரிப்பதில்லை.

வெள்ளைக்காரன் போய் ஏழெட்டு வருஷம் ஆகியும் நம் ஓசூர் பங்களாவுக்குத் துரை பங்களா என்ற பேர் போகவில்லை. அந்தத் தோட்டத்தில் நான் இன்னமும் புல் பிடுங்கிக்கொண்டுதான் இருக்கிறேன். வாசலில் நிற்கும் தூங்குமூஞ்சி மரம் மறுபடி கூரைமேல் படர்ந்துவிட்டது. கிளை கழிக்க, உன் இடத்துக்குத் தளியிலிருந்து திம்மப்பா என்று ஒருவர் வந்திருக்கிறார்.

திங்கட்கிழமை மேஸ்திரி என்னைக் கூப்பிட்டு, "முனிம்மா, கெணத்துக் கொட்டாய்ல பழைய கபிலைக் கயிறு கெடக்குது பாரு. எடுத்தாந்து அவருக்குக் குடு" என்றார்.

போன வருஷமும் இப்படித்தானே சொன்னார்? மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கிற கபிலைக் கயிறு நைந்துபோனால் கிணற்றுக்கு ஆகாது. அறுந்தால் மாடு மிரண்டு காலை ஒடித்துக்கொள்ளும். அதனால் அதைக் கழித்து, மரம் ஏறுகிறவன் இடுப்புக்குக் கொடுத்துவிடுவது நம் தோட்டத்து வழக்கம். மாட்டுக்கு ஆகாதது மனுஷனுக்கு எப்படி ஆகும் என்று நம்மில் ஒருவராவது கேட்டோமா? நீயும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

ஒன்றை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அன்று அந்தக் கயிற்றைக் கொண்டுவந்தவள் நான். அதில் ஒரு முனை மட்டும் கொஞ்சம் கெட்டியாக இருந்தது. நீ அதை அறுத்து, "இது உன் பாப்பா தூளிக்கு இருக்கட்டும். எனக்கு மீதி போதும்" என்று நீட்டினாய். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு வாங்கிக்கொண்டேன்.

உன் கால் வழுக்கியபோது அந்த மீதி உன்னை ஒரு கணம் பிடித்தது. அப்புறம் அறுந்துவிட்டது. கீழே பூப்பாத்திக்குக் கரை வைத்த கல். ஆஸ்பத்திரி சேரும் முன்பே, வண்டியிலேயே, என் மடியில் அடங்கிவிட்டாய். வேண்டாம் என்று நான் சொல்லியிருந்தால் கேட்டிருப்பாயா, அண்ணா?

அதனால் மேஸ்திரியிடம், "எடுத்தார மாட்டேனுங்க" என்றேன்.

"அப்ப நாளைலருந்து வேலைக்கு வராத" என்றார் அவர்.

திம்மப்பா என்ன சங்கதி என்று கேட்டார். எனக்குத் தெரிந்த அரைகுறைக் கன்னடத்தில், அழுதுகொண்டே, எல்லாவற்றையும் சொன்னேன். தூளிக் கயிற்றையும் சொன்னேன். அவர் தலைப்பாகையை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். "அது பேடா மேஸ்திரி, வேணாம். புதுசு கொடுங்க, ஏறுறேன்" என்றார்.

கபிலைக்கென்று வாங்கிய புதுக் கயிறு கொட்டாயில்தான் இருந்தது. "புதுசு மொதல்ல மரத்துக்கு வரட்டுங்க. அப்பறம் கெணத்துக்குப் போவட்டும்" என்றேன். மேஸ்திரியின் பார்வை பூப்பாத்திக் கல்மேல் போயிற்று. கடைசியில், "சரி, எடுத்தா" என்றார். அந்தக் குரலில் கோபம் இல்லை.

திம்மப்பா ஏறினார், கழித்தார், முழுசாக இறங்கி வந்து பீடி பற்றவைத்தார். எல்லோரும் சாப்பிடப் போனார்கள். நான் மட்டும் அண்ணாந்து பார்த்தபடி நின்றிருந்தேன். நீயும் இறங்கி வந்துவிட்டால் சேர்ந்து சாப்பிடப் போகலாம் என்று மனசு அடம்பிடித்தது. பைத்தியக்காரி என்று திட்டு, பரவாயில்லை. உன் வாயால் திட்டு வாங்கி எத்தனை நாளாயிற்று?

இந்தத் தோட்டத்தில் நான் இருக்கிறவரை, கழித்துப்போட்ட கயிற்றைக் கட்டி ஒருவரையும் ஏற விடமாட்டேன். மரம் ஏறுகிறவர் கால் தரையில் படும்வரை என் சோற்றில் கை வைக்க மாட்டேன். இது சத்தியம்.

உன் பின்னாலேயே திரிந்த உன் தங்கச்சி,
முனியம்மா