கல்லுதான், எடு

மார்ச் 9, ஞாயிறு

காலை ஆறிலிருந்து அலைதடுப்புப் பாறைமேல் தூண்டில். என் மனைவியின் தம்பியையும் இழுத்துக்கொண்டு போயிருந்தேன். சலூனில் நாள் முழுக்கக் கத்தி பிடிப்பவனுக்குப் புழுவைத் தொடப் பயம். அதைச் சொல்லியே கிண்டலடித்துக்கொண்டிருந்தேன். மூன்று மணி நேரம், ஒரு பொடி மீன்கூடக் கிடைக்கவில்லை. அப்புறம் தூண்டில் நரம்பு கனத்தது. மேலே வந்தது பாசி பிடித்த ஒரு கல். "கொக்கியக் கழட்டு மாப்ள" என்றேன். வலது கையால் அழுத்திப் பிடித்தான்.

கல் இல்லை. மீன். முதுகெல்லாம் முள்.

அவன் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ஐஸ் பெட்டியைத் திறந்து அவன் கையை உள்ளே அமுக்கினேன். ஐஸ் ஃபாக்டரியில் இருபது வருஷம். எந்த வீக்கத்துக்கும் எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் ஐஸ்தான். வலி ஏறிக்கொண்டே போனது. ஆஸ்பத்திரியில் டாக்டர், "கல்மீன், விஷ முள்ளு. சுடுதண்ணில வச்சிருக்கணும். யாரு ஐஸ் வச்சது?" என்றார்.

மார்ச் 10

கட்டைவிரல் கறுத்துவிட்டது. இவள் என்னோடு பேசவில்லை.

மார்ச் 12

கல் என்று நினைத்தேன் என்று எல்லாரிடமும் சொல்லியாயிற்று. பொய். அவன் கை வைப்பதற்கு முன்பே அது வாய் திறந்ததைப் பார்த்தேன். விஷம் என்று சத்தியமாகத் தெரியாது. துள்ளும், அலறுவான், சிரிக்கலாம் — அவ்வளவுதான் நினைப்பு. அவன் தயங்கினான். "கல்லுதான், எடு" என்று மறுபடியும் சொன்னேனே. ஏன்டா சொன்ன? அவன் பொழப்பே அந்தக் கையிலதானே இருக்கு?

மார்ச் 16

கட்டைவிரலில் பாதியை எடுத்துவிட்டார்கள். பக்கத்து விரலில் உணர்ச்சி இல்லை. கண் விழித்ததும் "சாப்டீங்களா மாமா?" என்று கேட்டான். அதற்கு என்னை நாலு அறை விட்டிருக்கலாம். இன்றும் சொல்லவில்லை.

மே 4

அவன் சலூனை மறுபடி திறந்து ஒரு வாரம். இடது கையால் பழகுகிறான், பலூனில் நுரை தடவிச் சிரைத்து. வருகிறவர்கள் கையைப் பார்த்துவிட்டு, அவசர வேலை என்று நழுவுகிறார்கள். "கடைய வித்துடுவான் போல" என்றாள் இவள். இரண்டு மாதத்தில் என்னிடம் அவள் பேசிய நீளமான பேச்சு.

மே 11, ஞாயிறு

அவன் கடை நாற்காலியில் நான் போய் உட்கார்ந்தேன். "வேணாம் மாமா" என்றான். எழுந்திருக்கவில்லை. நுரை தடவினான். கத்தி தொண்டைக்கு வந்தபோது சொல்லிவிட்டேன்.

"அது வாயத் தொறந்தத நான் பாத்தேன்டா. பாத்துட்டுத்தான் எடுன்னு சொன்னேன்."

கத்தி நின்றது. கண்ணாடியில் அவன் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை.

"நானும் பாத்தேன்" என்றான். "கைய இழுத்திருந்தா, பயந்தாங்கொள்ளின்னு ஆயுசுக்கும் சொல்லிக் காட்டியிருப்பீங்க."

சொல்லியிருப்பேன்தான்.

"தலைய ஆட்டாதீங்க மாமா."

ஆட்டவில்லை. தாடைக்குக் கீழே இரண்டு கீறல். அடுத்த ஞாயிறும் வரச் சொல்லியிருக்கிறான்.