அப்பாதான் பின்பாரம்

அன்பு மகள் ஐலிக்கு,

இங்கே நானும் உன் அப்பாவும் நலம், கூரைமேல் ஏறி உட்கார்ந்திருக்கிற பனி எங்கள் இருவரையும்விட நலம். நீ அந்த பீனிக்ஸ் வெயிலில் கருகாமல், வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன், அப்படி இல்லையென்றால் உடனே எழுது, நான் திட்ட வேண்டும். பள்ளிக்கூடம் என்னைப் பார்த்ததைவிட உருளைக்கிழங்குத் தோட்டம் பார்த்ததுதான் அதிகம், அதனால் எழுத்துக் கோணலைப் பார்த்துச் சிரிக்காமல் படி.

அப்பாவின் நெஞ்சைப் பற்றிக் கேட்டிருந்தாய். ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போதே டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார், இனி பனிவாரியைக் கையால் தொட்டால் அடுத்த தடவை வீட்டுக்கு வர மாட்டீர்கள் என்று. இவர் கேட்கிற ஆளா? முதல் பனி விழுந்ததுமே விடிவதற்குள் பூனை மாதிரி எழுந்து போய் வாசலை வார ஆரம்பித்தார். பக்கத்து வீட்டு பென்ஹேல் தன் வண்டியால் பனியைத் தள்ளிவிடுகிறேன் என்று வந்ததற்கு, "என் வாசலை இன்னொருத்தன் தள்ளினா ஆர்வோ செத்துட்டான்னுதான் ஊர்ல நினைப்பாங்க, போய்யா" என்று விரட்டிவிட்டார். நான் பனிவாரியை நீராவிக் குளியல் போடுகிற சவுனாவில் அடுப்பு விறகுக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். மனுஷன் என் ரொட்டி சுடுகிற தகரத் தட்டை எடுத்துக்கொண்டு போய் வாரினார் ஐலி! தட்டும் வளைந்தது, அவரும் முகம் வெளுத்துப்போய்ப் படியில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டார், நீ பயப்படாதே. ஆனால் இவரிடம் பேசிப் பிரயோசனமில்லை, அந்த வாரிக்கே வேலை இல்லாமல் பண்ணினால்தான் உண்டு என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

புல் வெட்டுகிற நம் குட்டி டிராக்டர் கொட்டகையில் தூங்கிக்கொண்டுதானே இருந்தது, அதற்கு முன்பக்கம் ஒரு லோடர் கட்டிவிடுவது என்று கிளம்பிவிட்டேன். சிரிக்காதே. துணி வெட்டத் தெரிந்தவளுக்கு இரும்பு வெட்டத் தெரியாதா? ஓட்ஸ் பெட்டி அட்டையில் இரண்டு கை, ஒரு பக்கெட் வெட்டி, மூட்டுக்கு மூட்டு குண்டூசி குத்தி, கை மேலே போகும்போது பக்கெட் எந்த இடத்தில் கவிழும் என்று சமையல் மேஜையிலேயே ஆட்டிப் பார்த்தேன். அப்பா அந்தப் பக்கம் போனவர், "பொம்மைக் கூத்தா நடக்குது ஹெல்மி? டிக்கெட் உண்டா?" என்றார். பென்ஹேலிடம் வெல்டிங் மெஷின் இருக்கிறதே, அட்டையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவன் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இது லோடரா, ஆர்வோவுக்குக் கோட்டா? பட்டன் எங்க வைக்கணும்?" என்றான். இருந்தாலும் அளவு பிசகாமல் ஒட்டிக் கொடுத்தான். கைகளுக்குப் பழைய சுரங்கத்துக் குப்பையில் கிடந்த சதுரக் குழாய், பக்கெட்டுக்கு நிலவறையில் சும்மா கிடந்த எண்ணெய்த் தொட்டியில் பாதி. மான் மோதிச் செத்ததே நம் பச்சைக் கார், அதன் ஸ்டியரிங் பம்புதான் தூக்குகிற பம்பு. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், உன் கட்டில் இரும்பும் போய்விட்டது. நீ வந்தால் சோபாதான். எத்தனை வருஷமாக அந்தக் கட்டிலில் யார் படுத்தார்கள் சொல்?

எல்லாம் பூட்டி, சக்கரத்துக்குச் சங்கிலி சுற்றி, முதல் நாள் நானே ஏறி உட்கார்ந்தேன். பனி மேட்டுக்குள் பக்கெட்டை நன்றாகக் குத்தி, தூக்குகிற கம்பியை இழுத்தேன். பனி எழுந்திருக்கவில்லை, நான்தான் எழுந்தேன்! டிராக்டரின் பின்சக்கரம் இரண்டும் அந்தரத்தில் சுற்றுகின்றன, நான் மூக்குக் குப்புறத் தொங்கிக்கொண்டிருக்கிறேன். முன்னால் பாரம் தூக்கினால் பின்னால் அதற்கு ஈடாக ஒரு பாரம் வேண்டும் என்பது என் அட்டைக்கும் தெரியவில்லை, பென்ஹேலுக்கும் தோன்றவில்லை. சமையலறை ஜன்னலில் அப்பா சிரிக்கிற சிரிப்பு எஞ்சின் சத்தத்தையும் மீறிக் கேட்டது. காப்பிக் கோப்பையோடு, தொப்பி கூடப் போடாமல் வெளியே வந்து, "கும்பிடு போட்டது போதும் ஹெல்மி, எந்திரி" என்று சொல்லிக்கொண்டே பின்னால் வண்டி மாட்டுகிற இழுவைக் கம்பிமேல் ஏறி நின்றார் பார், டிராக்டர் தொப்பென்று தரையில் உட்கார்ந்தது, பக்கெட் அலுங்காமல் மேலே போனது! இவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். "இன்னொரு தடவ தூக்கு" என்றார். அப்புறம் இன்னொரு தடவை. வாசல் முழுக்க முடித்துவிட்டுத்தான் இறங்கினார். பனிவாரி எங்கே என்று அதற்குப் பிறகு ஒரு நாளும் கேட்கவில்லை.

உன் கட்டில் இரும்பில்தான் அவருக்குப் பின்பக்கம் பார்த்த மாதிரி ஒரு இருக்கை அடித்திருக்கிறது, பிடித்துக்கொள்ளக் கம்பி, இடுப்புக்குப் பட்டை, அடியில் ஒரு பெட்டி. கம்பளியைப் போர்த்திக்கொண்டு ராஜா மாதிரி உட்கார்ந்து எனக்கு உத்தரவு போடுகிறார், அதுவும் முன்னால் என்ன நடக்கிறது என்று பார்க்காமலே. கடைத்தெருவில், "என் பொண்டாட்டி சும்மா ஓட்டுறா, வேலையெல்லாம் நான்தான்" என்று சொல்லிக்கொண்டு திரிகிறாராம். பென்ஹேல் ஒரு பீப்பாயும் சிமெண்டும் கொண்டுவந்து, இதை நிரப்பிப் பின்னால் மாட்டினால் போதுமே, ஆள் எதற்கு என்றான் பாவி. கொட்டகைக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போய், "வாயைத் திறந்தே, என் ஏலக்காய் ரொட்டி இனி உன் வீட்டுப் படி ஏறாது" என்றேன். அவனுக்கும் விஷயம் புரிந்துவிட்டது, சிமெண்டை அவனே திரும்ப எடுத்துக்கொண்டு போனான்.

அதோடு விட்டதா என்றால் இல்லை. டாக்டர் உடம்பை இளைக்கச் சொல்லியிருக்கிறார். இவர், "நான் இளைச்சா வண்டி தூக்கிக்கும், உனக்குத்தான் ஆபத்து" என்று வெண்ணெயை இரண்டாவது தடவை வழிக்கிறார். நான் விடவில்லை, தட்டில் கிழங்கைக் குறைத்துக்கொண்டே வருகிறேன், இப்போது பெல்ட்டில் புதிதாக ஒரு ஓட்டை போட்டாகிவிட்டது. ஒவ்வொரு சனிக்கிழமையும் இவர் சவுனாவில் குளிக்கிற நேரத்தில், அங்கே வெடித்துப்போய் வெளியே போட்டிருக்கிற பழைய அடுப்புக் கல் ஒன்றிரண்டை எடுத்துப்போய் இருக்கைக்கு அடியில் உள்ள பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுகிறேன். அவர் இளைக்கிறார், பெட்டி கனக்கிறது, டிராக்டர் தரையை விட்டு எழும்புவதில்லை. "பாத்தியா, இளைச்சாலும் ஆர்வோ ஆர்வோதான்" என்கிறார். ஆமாம் என்கிறேன்.

நீ தண்ணீர் நிறையக் குடி, வெயிலில் தொப்பி போடாமல் போகாதே. எங்கள் இருவருடைய ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு, கடவுள் உன் பக்கமே இருக்கட்டும். மறக்காமல் ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு. அப்பா பெருமையடித்தால் நீயும் ஆமாம் போடு, கல்லைப் பற்றி மூச்சு விடாதே.

உன்னைப் பெற்ற கோணல் கையெழுத்துக்காரி,
அம்மா ஹெல்மி