சனிக்கிழமை உறுமியும் என் கேட் புத்தகமும்

அன்பு மச்சான் செல்லையா,

நீ தொடங்கிவைத்த சனிக்கிழமை உறுமியைக் கல்லூரியில் தடைசெய்துவிட்டார்கள். அதோடு விடவில்லை. மூன்று மாணவர்களை விடுதியிலிருந்தே வெளியேற்றப் போகிறார்கள். வெளியாட்களை வரவழைத்துக் கும்பல் கூடினார்களாம். சாட்சி யார் தெரியுமா? நான்தான். என் கையெழுத்து.

நீ கண்மூடி ஒரு வருடமாகியும் செமோரில் அதே கல்லூரி வாசலில்தான் ஜாகாவாகக் காவல் வேலை பார்க்கிறேன். வெள்ளிக்கிழமை மாலையே ஈப்போ பிள்ளைகள் வீட்டுக்குப் பறந்துவிடுகிறார்கள். தூரத்து ஜொகூர் பிள்ளையும் கெடா பிள்ளையும் எங்கே போவார்கள்? கேன்டீனும் மூடிக்கிடக்கும். அதைப் பார்த்துத்தானே நீ உன் கோயில் உறுமி மேளக் குழுவை அழைத்து வந்தாய்? மாலையில் கல்லூரி மண்டபத்தில் அடி, ஆட்டம். பிறகு எல்லாரும் சேர்ந்து மீஹூன் சேமியா பிரட்டிச் சாப்பிட்டு, ஒன்பது மணிக்குள் கூட்டிப் பெருக்கிவிட்டுப் போவார்கள். இதுவா கும்பல்?

கேட் புத்தகத்தில் எழுதாமல் நான் ஒருவரையும் உள்ளே விட்டதில்லை. "நம்ம ஆளுங்கதானே, எதுக்குலா எழுதுறாரு?" என்று குழுவில் ஒருவன் சலித்துக்கொண்டபோது நீ என்ன சொன்னாய்? "எழுதட்டும்லா. நாம என்ன ஒளிஞ்சா வாரோம்?"

எழுதினேன், மச்சான். மூன்றாம் வகுப்போடு நின்றவன், பத்திரிகை பார்த்து எழுத்துப் பழகியவன், சனிக்கிழமை தவறாமல் எழுதினேன். "உறுமிக்குழு, எட்டுப் பேர்." அந்தப் பக்கங்களைத்தான் விடுதி அதிகாரி சேகரன் நகலெடுத்து வைத்திருக்கிறார்.

நேரே போய்க் கேட்டேன்.

"அங்கிள், நம்ம பையனுங்க பத்துப் பேர் சேர்ந்து நின்னா வெளிய கேங்குன்னுதான் பேசுவாங்க. காலேஜ் பேரு கெட்டுரும்லா."

"பத்துப் பேர் சேர்ந்தா கேங்கா? அப்ப நீங்க மாடியில நடத்துற மீட்டிங்குக்கு என்னா பேரு?"

 அதே மண்டபத்தில் கிட்டார் கச்சேரி நடக்கிறது. அதற்கும் வெளியிலிருந்து ஆள் வருகிறது. அது கலை, இது கும்பல். சொல்கிறவரும் நம்மவர். அதுதான் எனக்கு ஆறவில்லை.

மூவரில் ஒருத்தி தேவிகா, கடைசி வருடம். அறை போனால் தங்க இடமில்லை, படிப்பும் போகும். அவளிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். "நீங்க பொய் எழுதலையே அங்கிள். செல்லையா மாமா இருந்திருந்தா அவரையும் சேர்த்து சஸ்பெண்ட் பண்ணிருப்பாங்க!" என்று சிரித்தாள். கண் சிரிக்கவில்லை.

அன்று புத்தகத்தை முதலிலிருந்து புரட்டினேன். அவர்கள் நகலெடுக்காத பக்கம் ஒன்று இருக்கிறது. நீ இருந்த கடைசித் தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை. சேகரன், மனைவி, இரண்டு பிள்ளைகள். வந்த காரணம்: "உறுமி பார்க்க." அவர் கையாலேயே எழுதியது. இரண்டு தட்டு மீஹூன் சாப்பிட்டாரே, நினைவிருக்கிறதா?

புதன்கிழமை விசாரணை. தேவிகா தலைகுனியாமல் உட்கார வேண்டும். குழுவினர் எட்டுப் பேரும் வேலைக்கு லீவு போட்டு வந்து, தங்கள் பெயரைத் தாங்களே சொல்ல வேண்டும். நிர்வாகம் கிட்டாருக்கும் உறுமிக்கும் ஒரே சட்டம் வைக்க வேண்டும். சேகரன் அந்த வரியை எல்லார் முன்னாலும் வாய்விட்டு வாசிக்க வேண்டும். புத்தகத்தை நான் கொண்டுபோக வேண்டும். வேலை போனாலும் கொண்டுபோவேன், இது உனக்குக் கொடுக்கும் வாக்கு.

உன் அக்காளைக் கட்டிய
குனோங் ராபாட் வீட்டு மச்சான்,
ஆறுமுகம்