டெல்பர்ட் ஸ்கார், கேர் ஆஃப் ஆர்வின் ஸ்கார்

அனுப்புநர்:
ஆர்வின் ஸ்கார்,
தானியக் கிடங்குக்குப் பின்புறம், பச்சைக் கூரை வீடு,
கட்லர் பெண்ட், ஸ்டில்சன் மாவட்டம், மொன்டானா.

பெறுநர்:
உயர்திரு வாரன் ட்ரஸ்காட் அவர்கள்,
மாவட்ட ஷெரிப்,
ஸ்டில்சன் மாவட்டம், மொன்டானா.

பொருள்: தங்கள் அலுவலகத்தில் இருக்கும், என் தம்பியின் வேட்டைத் துப்பாக்கி அடங்கிய பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருந்து அவன் மகளிடம் ஒப்படைக்க வேண்டுவது – தொடர்பாக.

பார்வை: தங்கள் துணை அதிகாரி நேற்றுத் தொலைபேசியில் சொன்ன தகவல்.

மதிப்பிற்குரிய ஐயா,

நேரில் வந்தால் நான் பேசிக்கொண்டே போய்விடுவேன், தங்களுடைய மதியச் சாப்பாடும் ஆறிப்போய்விடும். ஆகவே எழுத்திலேயே சமர்ப்பிக்கிறேன்.

1. என்னைத் தாங்கள் அறிவீர்கள். தாங்கள் முதல் தேர்தலில் வென்றதில் மதுக்கடையில் நான் பேசிய பேச்சுக்கும் பங்கு உண்டு. பாதி என்று சொல்ல மாட்டேன், மூன்றில் ஒன்று இருக்கும். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைத் தாங்க முடியாமல் விட்டுவிட்டது என்றாலும், துப்பாக்கிச் சட்டத்தில் என்னை அடித்துக்கொள்ள இந்த மாவட்டத்தில் ஆள் கிடையாது. தலைநகர் ஹெலினாவிலிருந்து வந்த வக்கீல் ஒருவர் என்னிடம் சந்தேகம் கேட்டு, கை துடைக்கும் காகிதத்தில் குறித்துக்கொண்டு போனார். மதுக்கடைச் சுவரில் தொங்கும் எல்க் மான் தலையும் தாங்கள் பார்த்ததுதான். ஐந்நூறு கெஜம், எதிர்க்காற்று, ஒரே தோட்டா. கொம்பின் அகலத்துக்கு வாசற்கதவைக் கழற்றித்தான் உள்ளே கொண்டுபோனோம். இதற்கெல்லாம் சாட்சி என் தம்பி டெல்பர்ட், அவனையே கேட்டுக்கொள்ளலாம் என்று முதலில் எழுதிவிட்டேன். அந்த வரியை மேலே அடித்திருக்கிறேன். வேறு தாள் இல்லாததால் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

2. டெல்பர்ட் மின்னசோட்டாவில் பெமிட்ஜியில் வசித்தவன். என்னைவிட நான்கு வயது இளையவன். மர அறுவை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஒவ்வோர் ஆண்டும் எல்க் வேட்டைக்கு இங்கே என் வீட்டுக்கு வருவான். இந்த ஆண்டு அவனுடைய இடது கண்ணில் புரை விழுந்ததால் வண்டி ஓட்டும் உரிமத்தை வாங்கி வைத்துக்கொண்டார்கள். துப்பாக்கிக்கு வலது கண் போதும், ஆனால் சாலைக்கு இரண்டும் வேண்டுமாம். ஆகவே பஸ்ஸில் வருவதாக முடிவு செய்தான். பஸ்ஸில் துப்பாக்கியை ஏற்ற மாட்டார்கள். உடனே எனக்குத் தொலைபேசியில் அழைத்தான்.

"அண்ணே, கால்சட்டைக்குள்ள விட்டுக்கிட்டு வந்துடவா? கால் மடங்காதுன்னு சொல்லிக்கறேன்" என்றான்.

"நீ நடக்கற நடைக்கு ஏற்கெனவே உள்ள ஒண்ணு இருக்குன்னுதான்டா எல்லாரும் நினைச்சுக்கிட்டிருக்காங்க" என்று நான் சொன்னேன்.

அதன்பின் சட்டப்படி என்ன செய்ய வேண்டும் என்பதை ஒன்றுவிடாமல் எடுத்துச் சொன்னேன்.

3. தங்களுக்குத் தெரியாததல்ல, இருந்தாலும் பதிவுக்காக எழுதுகிறேன். வேட்டைக்காக வேறு மாநிலம் போகிறவன் தன் துப்பாக்கியைத் தன் பெயருக்கே பார்சலில் அனுப்பிக்கொள்ளலாம். பெட்டியின் மேல் முதலில் அவன் பெயர் இருக்க வேண்டும். அதன் கீழே, யார் வீட்டுக்குப் போகிறதோ அவர் பெயர், கேர் ஆஃப் என்று போட்டு. அதாவது இன்னார் பொறுப்பில் என்று பொருள். உள்ளே துப்பாக்கி இருப்பதைக் கூரியர்காரர்களிடம் எழுத்தில் தெரிவிக்க வேண்டும், ஆனால் பெட்டியின் வெளியே அப்படி எதுவும் தெரியக் கூடாது. தோட்டாவை அதே பெட்டியில் போடக் கூடாது, தோட்டாவை உள்ளே தள்ளும் போல்ட்டைக் கழற்றித் தனியாகச் சுற்ற வேண்டும் என்பவை நானாகச் சேர்த்த புத்திமதிகள். வந்து சேர்ந்தபின் சொந்தக்காரன் மட்டுமே பிரிக்கலாம். கேர் ஆஃப் ஆசாமிக்கு வைத்துக் காப்பது ஒன்றுதான் வேலை.

டெல்பர்ட்டுக்கு இது பெரிய சடங்காகப் பட்டது. "உன் பேருக்கே அனுப்பிடறேன். ஒரே பேரு, ஒரே கையெழுத்து, தீர்ந்தது" என்றான். நான் விடவில்லை. மாநிலம் விட்டு மாநிலம் கைமாற்றிய குற்றத்துக்கு இரண்டு பேரும் ஒரே அறையில் கம்பி எண்ண வேண்டியிருக்கும், அவன் குறட்டையை என்னால் தாங்க முடியாது என்று சொன்னேன். சிரித்தான். நான் சொன்னபடியே செய்தான். அவன் சொன்னபடி செய்திருந்தால் பெட்டி வந்த அன்றே நான் கையெழுத்துப் போட்டு வாங்கி வந்திருப்பேன். இதை ஒரு குறையாக எழுதவில்லை. சட்டம் சட்டம்தான்.

4. வெள்ளிக்கிழமை பெட்டியை அனுப்பினான். செவ்வாய்க்கிழமை அவனுக்குப் பஸ். இடையில் ஞாயிறு காலை, சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து பூட்ஸ் கயிறு கட்டும்போது அவனுக்கு மாரடைப்பு வந்துவிட்டது. ஒரு பூட்ஸ் கட்டியிருந்தது என்று அவன் மகள் மாரிட் சொன்னாள். அவள் தொலைபேசியில் அழைத்தபோது நான் முட்டை பொரித்துக்கொண்டிருந்தேன். சரிம்மா, சரிம்மா என்று சொல்லி வைத்துவிட்டேன். மூன்று முட்டை. மூன்றையும் சாப்பிட்டேன். சட்டியைத் தேய்த்துக் கழுவினேன், அந்தச் சட்டி கடையில் வாங்கிய அன்றுகூட அப்படி மின்னியதில்லை. பிறகு வெளியே போய், ஆடிக்கொண்டிருந்த கேட்டைச் சரிசெய்தேன். எதற்கும் கலங்காதவன் என்று என்னைப் பற்றி நானே ஊரில் சொல்வதுண்டு. அது இவ்வளவு எளிது என்று அன்றுதான் தெரிந்தது.

5. புதன்கிழமை பார்சல் கிடங்கிலிருந்து அழைப்பு வந்தது. போனேன். கவுண்டரில் இருந்த பெண்ணின் பெயர் டேனிகா. மரியாதையான பெண். அவளுக்குப் பின்னால் அலமாரியில் பெட்டி இருந்தது. டெல்பர்ட்டின் கையெழுத்து, எல்லா எழுத்தும் காற்றில் சாய்ந்த வேலி போல ஒரு பக்கமாக.

"டெல்பர்ட் ஸ்கார் நீங்கதானே?"

"அவன் அண்ணன்மா."

"அவரே வந்து கையெழுத்துப் போடணுமே பெரியவரே. அவர் எங்க இருக்கார்?"

ஐயா, நான் எவ்வளவு பேசுகிறவன் என்று தாங்கள் அறிவீர்கள். அன்று நான் சொல்ல வேண்டியிருந்தது ஒரே சொல். வாய் திறந்தேன். "வந்துட்டிருக்கான்" என்று வந்தது. அவளும் அப்படியே கணினியில் ஏற்றினாள்.

6. மறுநாள் நான் அடக்கத்துக்குப் பெமிட்ஜி போனேன், டெல்பர்ட் வரவேண்டிய அதே பஸ் பாதையில், எதிர்த்திசையில். அடக்கம் நன்றாகவே நடந்தது. லூத்தரன் கோயிலில் இருநூறு பேர் இருந்தார்கள் என்று இங்கே சொல்லியிருக்கிறேன், நாற்பது இருக்கலாம். அதே பஸ்ஸில் திரும்பினேன். ஜேம்ஸ்டவுனில் பனிப்புயல், பாதி இரவு பஸ் நின்றது. டிக்கின்சனில் இறங்கி, தட்டு நிறையும் அளவுக்கு ஒரு கேரமல் ரொட்டி சாப்பிட்டேன். பக்கத்து இருக்கை காலியாகவே இருந்தது. அதில் என் தொப்பியை வைத்திருந்தேன்.

வந்ததும் டேனிகா அழைத்தாள். வைத்திருக்கும் கெடு முடிகிறது, பெட்டி பெமிட்ஜிக்கே திரும்பிவிடும் என்றாள். அங்கே மட்டும் கையெழுத்துப் போட்டு வாங்க அவன் இருக்கிறானா? ஜேம்ஸ்டவுனில் பனி, அவன் மாட்டிக்கொண்டான் என்றேன். கெடுவை நீட்டித்தாள். அடுத்த வாரம் டிக்கின்சனில் ரொட்டி தின்பதற்காக இறங்கி பஸ்ஸைத் தவறவிட்டான் என்றேன். எத்தனை ரொட்டி என்று கேட்டாள். இரண்டு, மூன்றாவதைப் பையில் போட்டுக்கொண்டான் என்றேன். சிரித்துவிட்டு மறுபடி நீட்டித்தாள். அதற்கடுத்த வாரம் கிளென்டைவில் விடுதி நடத்தும் ஒரு விதவையம்மாவோடு போல்கா நடனம் ஆடி அவனுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. அன்று கிடங்கில் வேலை செய்யும் எல்லாரும் கவுண்டருக்கு வந்து நின்று கேட்டார்கள். நான் அதைவிட நன்றாக எங்கும் பேசியதில்லை என்று அடக்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன். டேனிகா ஒரு மஞ்சள் சீட்டில் "திருப்பி அனுப்ப வேண்டாம், வழியில் இருக்கிறார்" என்று எழுதிப் பெட்டியில் ஒட்டினாள். "வந்ததும் முதல்ல இங்க கூட்டிட்டு வாங்க. இந்த மனுஷனை நான் பாக்கணும்" என்றாள்.

இதற்குள் வேட்டைக்காலம் முடிந்துவிட்டது. நான் ஒரு நாளும் மலைக்குப் போகவில்லை. முட்டி வலி என்று சொல்லியிருக்கிறேன்.

7. சென்ற வாரம் மாரிட் அழைத்தாள். அவளுக்குத் துப்பாக்கி வேண்டாம், ஆனால் அதைச் சுற்றியிருக்கும் சட்டை வேண்டும். சிவப்பும் கறுப்பும் கட்டம் போட்ட கம்பளிச் சட்டை. டெல்பர்ட் அதைத் துவைக்க விடமாட்டான், மானுக்குச் சோப்பு வாசனை ஆகாது என்பான். பெட்டிக்குள் துப்பாக்கி ஆடாமல் இருக்க அதைச் சுற்றிக் கட்டியதாக அவளிடம் சொல்லியிருக்கிறான். வீட்டில் இருந்த மற்ற துணிகளை எல்லாம் அவளுடைய அத்தைமார் நல்லெண்ணத்தோடு துவைத்து, மடித்து, தானம் கொடுத்துவிட்டார்கள்.

பெட்டி இன்னும் கிடங்கில்தான் இருக்கிறது என்றேன். ஏன் என்றாள். அவனே வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்கிறார்கள் என்றேன்.

"நீங்க அவங்ககிட்டச் சொல்லவே இல்லையா பெரியப்பா?"

முட்டி வலியைப் பற்றிப் பேசத் தொடங்கினேன். அவள் தடுத்துவிட்டாள்.

"ஒரு தடவ சொல்லுங்க. அவங்களுக்கு வேண்டியது அவ்வளவுதான். ஒரே ஒரு தடவ."

இறப்புச் சான்றிதழின் நகலை அனுப்பிவைத்தாள். அதை எடுத்துப்போய் எதுவும் பேசாமல் கவுண்டரில் வைத்தேன். டேனிகா படித்தாள். தேதியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அப்ப டிக்கின்சன்ல ரொட்டி தின்னது யாரு?"

"நான்தாம்மா."

அவள் திரும்பி, பெட்டியிலிருந்த மஞ்சள் சீட்டை மெதுவாக, அட்டை கிழியாமல் உரித்து, மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாள். அவளுடைய மேலாளர் வந்து தேதிகளைச் சரிபார்த்து, துப்பாக்கிப் பார்சல் சம்பந்தமாகப் பொய்த் தகவல் தரப்பட்டிருக்கிறது என்று பெட்டியைத் தங்களிடம் ஒப்படைத்துவிட்டார். அவர் கடமையை அவர் செய்தார். பொய்த் தகவல் என்பதைப் பற்றி மட்டும் ஒரு விளக்கம். அந்தப் பனி உண்மை, ஊர்கள் உண்மை, ரொட்டியும் உண்மை. விதவையம்மாவை நான் சொந்தமாகச் செய்தேன்.

8. இப்போது பெட்டியை உடைத்துத் துப்பாக்கியின் எண்ணைச் சரிபார்க்கப் போவதாகவும், உரிமையாளர் இல்லையென்றால் ஆண்டு இறுதியில் மற்றத் துப்பாக்கிகளோடு அழித்துவிடுவதாகவும் தங்கள் துணை அதிகாரி சொன்னார். உரிமையாளர் இருக்கிறார். தகப்பன் இறந்தால் ஒரே மகளுக்கு அது வாரிசாகப் போய்ச் சேரும், மாநில எல்லை அதற்குத் தடையில்லை. இதில் நான் மிகைப்படுத்தி எதுவும் சொல்லவில்லை என்பதை மாவட்ட வக்கீலிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளலாம். சொந்தக்காரர் மட்டுமே பிரிக்கலாம் என்றால், இப்போது அது மாரிட் மட்டுமே.

தங்கள் அதிகாரி கத்தியால் கீறித் திறந்தால், துப்பாக்கி ஒரு பக்கமும் சட்டை ஒரு பக்கமும் ஆளுக்கொரு பிளாஸ்டிக் பையில் போகும். டெல்பர்ட் கட்டிய முடிச்சு ஒன்றும் மிஞ்சாது. அவன் கடைசியாகக் கட்டி முடித்தது அந்தப் பெட்டியைத்தான். பூட்ஸைப் பாதியில் விட்டுவிட்டான்.

மாரிட் பள்ளி ஆசிரியை. கிறிஸ்துமஸ் விடுமுறை தொடங்கியதும் பஸ்ஸில் கிளம்புகிறாள். அதுவரை பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருக்கவும், எண்ணைப் பார்க்க வேண்டுமானால் அவளே தன் கையால் பிரித்தபின் பார்க்கவும் உத்தரவிட வேண்டுகிறேன். அந்த நேரத்தில் நான் வெளியே என் வண்டியில் உட்கார்ந்திருப்பேன். தங்கள் அலுவலகத்தில் யாரிடமும் எந்தக் கதையும் சொல்ல மாட்டேன்.

9. டேனிகாமீது எந்தத் தவறும் இல்லை. அவள் ஒரு மனிதன் வருவான் என்று நம்பினாள், அவ்வளவுதான். அபராதமோ வேறு எதுவோ இருந்தால் என் பெயரில் எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

10. பெட்டியின் உரிமையாளர் நிலை குறித்து என் வாக்குமூலம் எழுத்தில் வேண்டும், சுருக்கமாக, வேறு எதுவும் சேர்க்காமல் வேண்டும் என்று துணை அதிகாரி கேட்டிருந்தார். அது பின்வருமாறு:

என் தம்பி டெல்பர்ட் ஸ்கார் அக்டோபர் 26, ஞாயிற்றுக்கிழமை, பெமிட்ஜியில் தன் வீட்டில் இறந்துவிட்டான். அவன் வந்துகொண்டிருக்கவில்லை.

இடம்: கட்லர் பெண்ட்
நாள்: டிசம்பர் 3, 2003

இணைப்பு: இறப்புச் சான்றிதழ் நகல், மாரிட் ஸ்கார் அவர்களின் சம்மதக் கடிதம்.

இப்படிக்கு,
ஆர்வின் ஸ்கார்
(பெட்டியின் மேல் கேர் ஆஃப் என்று உள்ளவன்)