எண்பத்தேழாம் எண் அட்டை

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும், அப்பாவின் இடது முழங்கால் ஒன்றைத் தவிர, மொத்தத்தில் நலம். நீ பல், வயிறு, தூக்கம் எல்லாம் உட்பட முழுசாக நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். "நல்லா இருக்கேம்மா" என்று நீ ஃபோனில் சொல்வதை நான் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை என்பது உனக்கே தெரியும். ஞாயிற்றுக்கிழமைதானே பேசினோம், இப்போது எதற்குக் கடிதம் என்று பயந்துவிடாதே, யாருக்கும் ஒன்றும் இல்லை. ஃபோனில் சொன்னால் நீ "சரிம்மா, சரிம்மா" என்பாய், நான் பாதியில் இருக்கும்போதே அப்பாவிடம் கொடுக்கச் சொல்வாய், அப்பா உன்னிடம் அங்கே மழையா வெயிலா என்று கேட்பார், விஷயம் அதோடு போய்விடும். கடிதமென்றால் நீ குறுக்கே பேச முடியாது.

அப்பாவின் முழங்காலுக்கு ஒரு பெண் வந்து பயிற்சி சொல்லிக்கொடுத்துவிட்டுப் போகிறாள். ஒவ்வொரு காலையும் பத்துத் தடவை நீட்டி மடக்க வேண்டும். உன் அப்பா ஒன்று, இரண்டு, மூன்று என்று ஆரம்பித்து, அடுத்து எட்டு, ஒன்பது, பத்து என்று முடித்துவிடுகிறார். நான் கூடத்தில் இருந்தால் மட்டும் நடுவிலிருக்கும் நான்கும் வருகின்றன. குளியலறைக் குழாய் மறுபடியும் ஒழுகுகிறது. குழாய்க்காரர் நாளைக்கு வருகிறேன் என்கிறார், எந்த நாளைக்கு என்றுதான் சொல்ல மாட்டேன் என்கிறார். எனக்கு உத்தியோகம் இன்னும் பதினோரு மாசம் பாக்கி. நீ அந்தக் கடைவாய்ப் பல்லைக் காட்டினாயா இல்லையா? வலி நின்றுவிட்டது என்று விட்டுவிடாதே, நின்றால்தான் காட்ட வேண்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். தராசும் எடைக்கல்லும் சோதித்து முத்திரை வைக்கிற உத்தியோகத்தில் முப்பத்தொரு வருஷமாக இருப்பவள் நான், பத்து கிராம் குறைந்ததற்காகத் தராசையே தூக்கிக்கொண்டு வந்தவள், கடைத்தெருவில் எனக்கு முத்திரையம்மா என்று பேர் வைத்திருப்பதும் உனக்குத் தெரியும். அப்படிப்பட்ட நான் இரண்டு வருஷமாக நம் நூலகத்தை ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன். அதுவும் உன் பேரில்.

நடந்தது இதுதான். உன் அறையைக் காலி பண்ணி இஸ்திரி மேஜை போட்டோமே, அப்போது கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு நூலகப் புத்தகம் கிடைத்தது, உள்ளே உன் இளையோர் பகுதி அட்டை, எண் 87. பதினைந்து வயசில் எடுத்துத் திருப்பித் தராத புத்தகம், அந்த அட்டையில் நீ எடுத்ததே அந்த ஒன்றுதான். எனக்கு முகம் சிவந்துவிட்டது, உடனே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவது என்று கிளம்பினேன். கொடுப்பதற்கு முன்னால் பக்கமெல்லாம் சரியாக இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும் அல்லவா, உத்தியோக புத்தி. நின்றுகொண்டே புரட்ட ஆரம்பித்தேன். மூன்றாம் பக்கத்தில் அண்ணனும் தங்கையும் வீட்டை விட்டு ஓடிப்போய் ஒரு கப்பல் பட்டறையில் ஒளிந்துகொண்டார்கள். நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்து, பாத்திரம் கருகி, உன் அப்பா வந்து அடுப்பை அணைத்துவிட்டு என்னை எட்டிப் பார்த்தார், நான் அவரை உஷ் என்றேன். அது ஒன்பது பாகத்தில் முதல் பாகமாம்.

நூலகத்தில் புதிதாக ஒரு பெண் வேலைக்கு வந்திருந்தாள். புத்தகத்தைக் கொடுத்தேன். மேஜை மேலேயே இரண்டாம் பாகம் கிடந்தது. இளையோர் அட்டைக்குத்தான் தருவோம் என்றாள், அட்டை பழசா இருக்கே, பையனுக்கு என்ன வயசு என்று கேட்டாள். என் வாய் தன்பாட்டுக்குப் "பதினாலு" என்றது. அதற்குள் அவள் கம்ப்யூட்டரில் தட்டிவிட்டாள். ஆகவே நூலகக் கணக்குப்படி உனக்கு இப்போது பதினாறு வயசு நடக்கிறது, நிஜத்தில் முப்பத்திரண்டு, சரியாகப் பாதி எடை. வேறு யாராவது இந்தக் கணக்கைக் காட்டியிருந்தால் கடைக்கே பூட்டுப் போட்டிருப்பேன்.

அதற்கப்புறம் என்னை நிறுத்த யாராலும் முடியவில்லை. ஐம்பத்தேழு வயசில் இதென்ன என்று உன் அப்பா கிண்டல் பண்ணுகிறார், ஆனால் அவர் படிக்கிற பெரியவர்கள் நாவலை நானும் படித்துப் பார்த்தேன், முந்நூறு பக்கத்துக்கு ஒருத்தர் ஜன்னல் வழியாக வெளியே பார்க்கிறார், கடைசியில் ஜன்னலைச் சாத்துகிறார். என் புத்தகங்களில் அந்த நேரத்துக்குள் இரண்டு பேர் காணாமல் போய், ஒருத்தர் திரும்பி வந்து, எல்லோரும் சண்டை போட்டு ராசியாகியிருப்பார்கள். அதைவிட, அந்தப் பிள்ளைகள் மனசில் இருப்பதை வாயால் சொல்கிறார்கள். எனக்குப் பயமா இருக்கு, என்னை ஏன் கூப்பிடலை, நீ பண்ணினது எனக்குப் பிடிக்கலை என்று முகத்தைப் பார்த்துச் சொல்கிறார்கள். நம் வீட்டில் முப்பது வருஷத்தில் இந்த மாதிரி ஒரு வாக்கியம் காதில் விழுந்ததாக எனக்கு நினைவில்லை. நான்காம் பாகத்தில் நாய் செத்துப்போனபோது நான் ஆபீஸ் ஜீப்பில் உட்கார்ந்து, கோப்பு அட்டைக்குள் புத்தகத்தை வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதேன். டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு மேடம் வீட்டில் ஏதோ துக்கம் என்று ஆபீஸ் முழுக்கச் சொல்லிவிட்டார். மதியம் மூன்று பேர் வந்து என் மேஜைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு பேசாமல் நின்றார்கள், நானும் தலையை ஆட்டி அனுப்பிவைத்தேன்.

இதோடு நின்றிருந்தால் உனக்குச் சொல்லியே இருக்க மாட்டேன். அந்தப் பகுதியில் ஒவ்வொரு புத்தகத்தின் பின்னாலும் ஒரு தாளைக் கிளிப்பில் செருகி வைத்திருக்கிறார்கள். படித்தவர்கள் கருத்து எழுதலாம், பேர் எழுதக் கூடாது, அட்டை எண் மட்டும். நானும் சும்மா இருக்கமாட்டாமல் எழுதினேன். 87 என்று போட்டு, இந்த அத்தியாயத்தில் தங்கை செய்தது முறையல்ல என்றெல்லாம். அடுத்த பாகத்தின் தாளில் 212 என்கிற எண் எனக்குப் பதில் எழுதியிருந்தது. ஆண்பிள்ளையா பெண்பிள்ளையா தெரியாது, பத்தாம் வகுப்பு என்று மட்டும் ஓரிடத்தில் இருந்தது. "87, நீ படிக்கிறது கதையா இல்ல தீர்ப்பா?" என்று கேட்டிருந்தது. எனக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே, மறுநாளே போய்ப் பதில் எழுதினேன். அப்படியே ஒரு வருஷமாகப் புத்தகத்துக்குப் புத்தகம் சண்டை, யார் வேண்டுமானாலும் படிக்கலாம், படித்துச் சிரிக்கிறார்களாம். ஒரு தடவை 212 அம்மாக்களைப் பற்றி ஏதோ குறையாக எழுதியது, நான் பொறுக்க முடியாமல் "எங்க அம்மா கண்டிப்பானவங்கதான், ஆனா ரொம்ப நியாயமானவங்க" என்று எழுதிவிட்டு வந்தேன். பார்த்தாயா, என் தராசுக்கு நானே முத்திரை. 212 அதற்குக் கீழே "உனக்கு அதிர்ஷ்டம்" என்று எழுதியிருந்தது. அந்த இரண்டு சொல்லில் நான் ஒரு வாரம் மிதந்தேன் என்றால் நீ சிரிப்பாய், சிரி.

இப்போது எடுத்திருக்கிற புத்தகத்தில் ஒரு பையன், பதினைந்து வயசு, பரீட்சையில் தோற்றதை அம்மாவிடம் மறைத்துவிட்டுத் தினமும் சீருடை போட்டுக்கொண்டு கிளம்பிப்போய் பஸ் நிலையத்தில் உட்கார்ந்திருக்கிறான். அம்மாவிடம் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும், எந்த அம்மா கடித்துத் தின்னப்போகிறாள் என்று வழக்கம்போல வெளுத்து வாங்கியிருந்தேன். போன வாரம் புத்தகத்தை மறுபடி எடுத்தபோது 212 அதற்குக் கீழே எழுதியிருந்ததை அப்படியே எழுதுகிறேன். "87, விளையாட்டுக்கு இல்ல, நிஜமா கேக்குறேன். நீ ஏதாவது பெரிய தப்புப் பண்ணிட்டா உங்க அம்மாகிட்ட போய்ச் சொல்லுவியா? எனக்கு ஒண்ணு சொல்லணும். மாசக் கடைசியில ஸ்கூல்ல எங்க அம்மாவைக் கூப்பிடப் போறாங்க. அதுக்கு முன்னாடி நானே சொல்றதா வேண்டாமான்னு தெரியல. உங்க அம்மா நியாயமானவங்கன்னு சொன்னியே, அதான் உன்கிட்ட கேக்குறேன்."

பேனாவை எடுத்தேன். "மேற்படி விஷயத்தை உன் தாயாரிடம் உடனடியாகத் தெரிவிக்கவும்" என்றுதான் வருகிறது. வேறு காகிதத்தில் மூன்று தடவை எழுதி மூன்றையும் கிழித்தேன். பயமாகவும் இருந்தது, அந்தப் பிள்ளை என்ன செய்துவிட்டுத் தவிக்கிறதோ, நான் வயசை மறைத்து விளையாடிக்கொண்டிருக்கிறேனே என்று. நேற்று நேராக நூலகத்துப் பெண்ணிடம் போய் உண்மையைச் சொல்லிவிட்டேன், 87 நான்தான், என் அட்டையைப் பிடுங்கிக்கொள், ஆனால் அந்த 212-ஐக் கொஞ்சம் பார்த்துக்கொள் என்று. அவள் சிரித்தாள். "எனக்கு ரெண்டு வருஷமாத் தெரியும் மேடம், எந்தப் பதினாறு வயசுப் பையன் 'முறையல்ல'ன்னு எழுதுவான்?" என்றாள். கையும் களவுமாகப் பிடிபட்டால் மனுஷர்களுக்கு எப்படி இருக்கும் என்று உத்தியோகத்தில் முதல் தடவையாகத் தெரிந்துகொண்டேன். 212-க்கு உடம்புக்கோ உயிருக்கோ ஆபத்தான விஷயமில்லை, பள்ளிக்கூட விஷயம்தான், எனக்குத் தெரியும், நானும் பேசிக்கிட்டுத்தான் இருக்கேன் என்றாள். ஆனால் அந்தப் பிள்ளை வாரா வாரம் வந்து 87 பதில் எழுதியாச்சா என்று கேட்கிறதாம், நான் சொன்னா அது பெரியவங்க சொல்ற புத்திமதி ஆயிடும் மேடம், பதில் 87-தான் எழுதணும் என்றாள்.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். 87 நான் இல்லையே, நீதானே.

உன் பத்தாம் வகுப்பு மதிப்பெண் அட்டையில் என் கையெழுத்தை நீயே போட்டது ஞாபகம் இருக்கும். எனக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது, பொய் முத்திரை பார்த்துப் பழகிய கண். ஏன் போட்டாய் என்று உன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் பள்ளிக்கூடத்துக்குக் கையைப் பிடித்து இழுத்துப் போனேன், தலைமை ஆசிரியர் முன்னால், அப்புறம் வகுப்பு முன்னால், நாற்பது பிள்ளைகள் பார்க்க உன்னை மன்னிப்புக் கேட்க வைத்தேன். நீ பலகையைப் பார்த்துக்கொண்டு சொன்னாய். நான் அங்கிருந்து கிளம்பிப் போய் அன்றைக்கு மூன்று தராசுக்கு முத்திரை வைத்தேன், பிள்ளையை நேர்மையாக வளர்க்கிறோம் என்ற நிம்மதியோடு. அதற்கப்புறம் நீ என்னிடம் பொய் சொன்னதே இல்லை, அது உண்மை. எதையும் சொன்னதும் இல்லை. கையில் கட்டுப் போட்டதைக் கட்டுப் பிரித்த பிறகு சொன்னாய். வேலை போனதை அடுத்த வேலை கிடைத்த பிறகு சொன்னாய். நீ விரும்பிய பெண்ணைப் பிரிந்துபோனதை அவளுக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆன பிறகு ஏதோ பேச்சோடு பேச்சாகச் சொன்னாய், நானும் "ஓஹோ" என்றேன். உனக்கு எவ்வளவு வலித்திருக்கும், அந்த மாசங்களில் ஞாயிற்றுக்கிழமை தோறும் என்னிடம் நல்லா இருக்கேம்மா என்று சொல்லிவிட்டு என்ன செய்தாய், இதையெல்லாம் நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அன்றைக்கு வகுப்பில் செய்தது தப்பு, கண்ணா. பதினேழு வருஷமாகத் தெரியும், இப்போதுதான் எழுத வருகிறது.

ஆகவே ஒரு வேலை கொடுக்கிறேன். இன்று காலை புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது அந்தத் தாளையே எடுத்து இதோடு வைத்திருக்கிறேன், நூலகத்துப் பெண் பார்த்தும் பார்க்காதது போல் இருந்துகொண்டாள், மடிக்காமல் வை. கேள்விக்குக் கீழே இடம் இருக்கிறது. நீ எழுது. உன் வயசை நிஜமாகவே எழுது, இதுவரை எழுதியது உன் அம்மா என்பதையும் எழுதிவிடு, அந்தப் பிள்ளையிடம் இனிமேலும் பொய் வேண்டாம். பிறகு கேட்டதற்குப் பதில் எழுது, உங்க அம்மாகிட்ட சொல்லுவியா என்பதற்கு. சொல்ல மாட்டேன் என்றால் சொல்ல மாட்டேன் என்றே எழுது, ஏன் என்றும் எழுது, எப்படிப்பட்ட அம்மாவிடம் சொல்லியிருப்பாய் என்றும் எழுது. அது அந்தப் பிள்ளைக்கு வேண்டும். எனக்கும் வேண்டும். வந்ததை ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் கொண்டுபோய்ச் செருகிவிடுவேன், சத்தியம்.

தபால் தாமதமாகும், கூரியரில் அனுப்பு, இருபத்தைந்தாம் தேதிக்குள் கையில் இருக்க வேண்டும். பல்லைக் காட்டு. ஈரத்தலையோடு வெளியே போகாதே. நீ எங்கிருந்தாலும் உன் உடம்பும் மனசும் நன்றாக இருக்க வேண்டும் என்று நானும் அப்பாவும் நினைக்காத நாள் இல்லை, எங்கள் ஆசீர்வாதம் உன் கூடவே இருக்கும். பேனாவால் எழுது, அழுத்தி எழுது. பென்சிலால் எழுதினால் திருத்தச் சொல்லி எனக்குக் கை அரிக்கும்.

இப்படிக்கு,
பதிலுக்குக் காத்திருக்கும்
அம்மா